எடை குறையும் முன்பே சர்க்கரை இறங்குவது ஏன்?

கேள்வி: பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 44 இருந்த என் அண்ணனுக்கு இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது, எடை இரண்டு கிலோகூடக் குறையாத நிலையில், 210 ஆக இருந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை 128க்கு இறங்கியிருக்கிறது. இது எப்படி?

பதில் 1: உணவு வெகுவாகக் குறைந்ததும் கல்லீரலின் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை) சில நாள்களிலேயே தணிகிறது. அத்துடன், உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் விரைவாகக் கீழ்க்குடலை அடைவதால், ஜிஎல்பி-1 என்னும் குடல் ஹார்மோன் சாப்பிட்டதும் பன்மடங்கு சுரந்து, இன்சுலின் சுரக்கக் கணையத்தைத் தூண்டுகிறது.

பதில் 2: பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வரும்; மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். இந்த அறுவைக்குப் பின் உடலில் சேர்வது குறையும் வைட்டமின் பி12-ஐயும் மறக்க வேண்டாம். இதே அறுவை செய்துகொண்ட நான் அதை அலட்சியம் செய்து, மூன்றாம் ஆண்டில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப்போய்த் திண்டாடினேன்.

கேட்டவர்: மிக்க நன்றி. கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார்கள், பி12 பற்றி நாளை கேட்கிறேன்.