கூட்டிலிருந்து ஒரு குஞ்சைக் காக்காய் தூக்கிப் போய்விட்டது, மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் எங்கள் பங்குக் கோயிலில் மறைக்கல்வி (வேதப் பாடம்) எடுக்கிறேன், நாலாவது அஞ்சாவது படிக்கிற பிள்ளைகள். இந்த லீவில் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வகுப்பை வைத்துக்கொண்டோம், ஏனென்றால் திண்ணையில் துணி காயப்போடுகிற கொடிக்கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்ட ஆரம்பித்திருந்தது, அதைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் நேரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டுக்காரரும் கரையில்தான். அவர்தான் முதலில் பார்த்துவிட்டு "இனிமே இந்தக் கம்பியில துணி போடாத" என்றார்.

கட்டியதெல்லாம் பெட்டைதான். சன்னல் மூலையில் கிடந்த ஒட்டடையை அலகில் சுருட்டிக்கொண்டு வந்து கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒட்டியது. (ஒட்டடை அடிக்காமல் இருக்க எனக்கும் ஒரு சாக்குக் கிடைத்தது.) அப்புறம் மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த சருகு, வலை தைக்கிற இடத்தில் விழுந்து கிடந்த நைலான் இழை. உள்ளே மெத்தைக்கு எருக்கம்பஞ்சு. வாசலுக்கு மேலே மழைத்தண்ணி உள்ளே போகாமல் ஒரு சின்ன இறவாரம் கூட இறக்கியிருந்தது. ஆண் பக்கத்து முருங்கையில் உட்கார்ந்து கத்தியதோடு சரி.

இதை வைத்து நன்றாகவே பாடம் நடந்தது. வானத்துப் பறவைகள் விதைப்பதில்லை அறுப்பதில்லை என்ற மத்தேயு 6, தந்தைக்குத் தெரியாமல் ஒரு சிட்டுக்குருவியும் தரையில் விழாது என்ற மத்தேயு 10, இரண்டையும் கூட்டைக் காட்டியே சொன்னேன். முட்டை பொரிந்து இரண்டு குஞ்சு வந்தது. போன ஞாயிறு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு காக்காய் வந்து கம்பியில் தொங்கிக்கொண்டு, கூட்டின் வாசலைக் கிழித்து ஒரு குஞ்சைத் தூக்கிப் போய்விட்டது. நாங்கள் கத்தியது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பையன்கள் கல்லைத் தேடினார்கள். ஒரு சின்னவள் "காக்காய்க்கும் வீட்ல குஞ்சு இருக்கும்ல டீச்சர்" என்றாள். அதெல்லாம் கூடச் சமாளித்துவிடலாம். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத ஒரு பையன் இந்த வகுப்பில் இருக்கிறான். அவன்தான் கேட்டான்: "ஆண்டவருக்குத் தெரியாம குருவி விழாதுன்னு சொன்னீங்களே, அப்ப தெரிஞ்சேதான் விழுந்துச்சா?"

மணி அடித்தது போல வகுப்பை முடித்து அனுப்பிவிட்டேன். வருகிற ஞாயிறு அவன் மறுபடி முன்வரிசையில்தான் உட்காருவான். "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன சொல்லலாம்?

மண்டபம்_பறவைநோக்கி:

அக்கா, வேதத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் மீதி இருக்கிற குஞ்சைப் பாருங்கள். ஒரு முறை வந்த காக்காய் இடத்தைத் தெரிந்துகொண்டது, மறுபடி வரும். கிழிந்த வாசலை ஒட்டுகிறேன் தைக்கிறேன் என்று இறங்காதீர்கள், கூட்டை வேறு இடத்துக்கும் மாற்றாதீர்கள், தாய் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வகுப்பைக் கொல்லைப் பக்கம் மாற்றுங்கள். இத்தனை பிள்ளைகள் ஒரே இடத்தை அண்ணாந்து பார்த்தால் காக்காயும் அங்கேதான் பார்க்கும். வாசலில் மீன் கழுவுகிற பழக்கம் இருந்தால் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள், குடலும் செதிலும் கிடந்தால் காக்காய் அந்த இடத்தை விட்டு நகராது.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். மனுசக்கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வது சரியில்லை. இன்னொன்று, அந்த நைலான் இழை. நம் கரையில் குருவிக் கூடுகளில் இது சாதாரணம், ஆனால் குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் பறக்கிற நாளில் தொங்கியே செத்துப்போகும். தாய் வெளியே போன நேரம் பார்த்து, தொங்குகிற இழை இருந்தால் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், கூட்டைப் பிடித்து இழுக்காமல்.

தேன்சிட்டு பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும். அடை பதினைந்து நாள் போல, பொரிந்த பிறகு கிட்டத்தட்ட 17 நாளில் குஞ்சு கூட்டைவிட்டுப் போகும். ஆண் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுங்கள், குஞ்சு வெளியே வந்த பிறகு சில நாள் அதன் பின்னாலேயே அலைந்து ஊட்டுவது அப்பன்தான்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு. நானும் பூசைக்குப் போகிறவன்தான், ஆனால் கூட்டைக் காட்டி "ஆண்டவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் பாருங்கள்" என்று சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல். பெயர்தான் தேன்சிட்டு, குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் சிலந்தியும் புழுவும். கூடு கட்டிய ஒட்டடையும் சிலந்தியுடையதுதான். நாம் தேன்சிட்டின் பக்கத்தில் நின்று பார்ப்பதால் அது கருணையாகத் தெரிகிறது, சிலந்தி பக்கம் நின்றால் அதுவும் ஒரு காக்காய்தான். பறந்துபோகிற குஞ்சுகளிலும் பெரும்பகுதி முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. இயேசுவுக்கு இது தெரியாதா என்ன? கலிலேயாவிலும் காக்காய் உண்டு.

ஜெபவீரன்_ராம்நாடு:

ஸ்தோத்திரம் சிஸ்டர். மனம் கலங்காதீர்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று ரோமர் 8:28 சொல்கிறதே. இரண்டு குஞ்சில் ஒன்றைக் கர்த்தர் தப்புவித்திருக்கிறார், அதைப் பிள்ளைகளுக்குச் சாட்சியாகச் சொல்லுங்கள். அந்தச் சின்னப் பையனுக்காகவும் ஜெபிக்கிறோம்.

தொண்டி_வாத்தியார்:

தம்பி ஜெபவீரன் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் டீச்சர், தயவுசெய்து அதைச் சொல்லிவிடாதீர்கள். தப்பிய குஞ்சைக் காட்டி ஆறுதல் சொன்னால் அந்தப் பையன் போன குஞ்சின் பக்கம்தான் போய் நிற்பான். மற்ற வீட்டு அப்பாக்கள் எல்லாம் தடைக்காலத்துக்குக் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவனுக்கு அது தெரியும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் பாடம் எடுத்தவன், இந்த வசனத்தை நாம் எப்போதும் பாதியில் பிடித்துத் தூக்குகிறோம் என்பது என் எண்ணம். மத்தேயு 10-ஐ முதலிலிருந்து வாசியுங்கள். இயேசு பன்னிரண்டு பேரை ஊர் ஊராக அனுப்புகிறார், ஓநாய்களுக்கு நடுவே ஆடுகளைப் போல அனுப்புகிறேன் என்று சொல்லியே அனுப்புகிறார். உங்களைப் பிடித்துக் கொடுப்பார்கள், அடிப்பார்கள் என்கிறார். உடலைக் கொல்கிறவர்களுக்கு அஞ்சாதீர்கள் என்று சொன்ன கையோடுதான் குருவி வருகிறது. ஆக, விழப்போகிறவர்களிடம் சொன்ன பேச்சு அது. "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று அவர் அங்கே யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓரியூர் இருக்கிறது. லிஸ்பனில் 1647-இல் பிறந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான் தலை வெட்டப்பட்டார். அவருக்கு இந்த வசனம் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்கிற அந்தச் செம்மண்ணை இன்றைக்கும் மடித்து எடுத்துக்கொண்டு போகிற நாம், அப்படி விழுந்தவரைப் புனிதர் என்கிறோம், ஆனால் குருவி விழுந்தால் மட்டும் ஆண்டவர் கைவிட்டார் என்று பதறுகிறோம். பதறுவது தப்பில்லை, பாடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்கிறேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு நான் மத்தேயுவைவிட லூக்காவைத் திறப்பேன். லூக்கா 12. அங்கே விலையைக் கவனியுங்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி, லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அந்த ஐந்தாவது கொசுறு. மீன் கூறு வாங்கும்போது மேலே ஒன்று தூக்கிப் போடச் சொல்லி நிற்கிற பிள்ளைகள் அவர்கள், விளக்கவே வேண்டாம், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். யாரும் விலை போடாத அந்த ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார். விழாது என்று லூக்கா சொல்லவில்லை, மறப்பதில்லை என்கிறார். அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி 24-ஆம் வசனத்துக்கு வந்தால் காகம். காகங்களைக் கவனியுங்கள், அவற்றுக்கும் கடவுள் உணவளிக்கிறார். உங்கள் வகுப்புச் சின்னவள் சொன்னாளே காக்காய் வீட்டுக் குஞ்சைப் பற்றி, அவளை எழுந்து நின்று அந்த வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் கேட்டதற்கு நேர் பதில், "ஆமாம், ஆண்டவருக்குத் தெரியும். ஏன் விட்டார் என்று டீச்சருக்குத் தெரியாது." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அதற்கு மேல் அவன் கேட்டால் யோவான் 11, இறந்துபோன நண்பர் இலாசரின் கதை. எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். அதை வாசித்துக்கொடுத்தால் போதும், விளக்கம் வேண்டாம்.

ஜெபவீரன்_ராம்நாடு:

வாத்தியார் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ரோமர் 8:28-ம் வேதத்தில்தானே இருக்கிறது, அதை எங்கே வைப்பது?

தொண்டி_வாத்தியார்:

வைக்க வேண்டிய இடத்தில் வைக்கலாம் தம்பி. அதை எழுதிய பவுல், தான் பட்டதை வைத்துத் தன் வாயால் சொன்னார். அந்தப் பையன் வளர்ந்து அவன் வாயால் சொன்னால் நான் ஆமென் சொல்வேன். அவனுக்காக நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

கீழக்கரை_நாநா:

நான் உங்கள் மார்க்கம் இல்லை, ஆனால் கூடு என்றதும் வாசித்துவிட்டேன். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு குருவியின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்க்குருவி சிறகை அடித்துக்கொண்டு தவித்ததாம். இதன் குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார், திருப்பிக் கொடுங்கள் என்று நபிகள் சொன்னதாக எங்களிடம் ஒரு ஹதீஸ் உண்டு. இன்னொன்றில், பறவை காலையில் வெறும் வயிற்றோடு போய் மாலையில் வயிறு நிறைந்து திரும்புகிறது என்று வரும். போனால்தானே கிடைக்கும், கூட்டிலேயே உட்கார்ந்திருந்தால் யார் கொண்டுவந்து தருவது என்று எங்கள் வாப்பா கூடவே சேர்த்துக்கொள்வார். அந்தப் பையனுக்கு என் சலாம் சொல்லுங்கள் டீச்சர்.

வெறும்வாசகன்:

குருவி குருவியாக இருக்கட்டுமே. பார்த்தோமா, தண்ணி வைத்தோமா என்று போகாமல் எல்லாவற்றிலும் ஒரு பாடம் பிழிய வேண்டுமா?

தங்கச்சிமடத்துக்காரி:

வெறும்வாசகன், பாடம் பிழியாதே என்று என்னிடம் சொல்லலாம், பத்து வயதுப் பிள்ளைகளிடம் யார் சொல்வது? கேள்வியை நான் கேட்கவில்லை, அவன் கேட்டான். கவனித்துப் பாருங்கள் என்று சொன்னவரும் இயேசுதான். பார்த்தால் காக்காயும் சேர்ந்துதான் கண்ணில் படும்.

மற்ற எல்லாருக்கும் நன்றி. வகுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிட்டேன், மீன் கழுவுகிறதும் கிணற்றடிக்குப் போயிற்று. லூக்கா 12-ஐத்தான் எடுத்தேன். கொசுறு என்றதும் சிரித்துவிட்டார்கள், அவரவர் வீட்டில் யார் கொசுறு என்று ஒரே சண்டை, கடைக்குட்டிகள் எல்லாம் கையைத் தூக்கினார்கள். காகத்து வசனத்தைச் சின்னவள் வாசித்தாள், கல் தேடியவர்களுக்கு அதில் அவ்வளவாகச் சம்மதம் இல்லை. "அப்ப ஆண்டவர் யாரு கட்சி?" என்று ஒருவன். எனக்குத் தெரியவில்லை என்றேன். டீச்சருக்குத் தெரியாது என்பது அவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

அவனிடம் வாத்தியார் ஐயா எழுதியபடியே சொன்னேன், ஆண்டவருக்குத் தெரியும், ஏன் என்று எனக்குத் தெரியாது. அவன் ஒன்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்து போகும்போது, கடலில் போனவர்கள் பெயரைச் சொல்லிப் பூசை வைப்பார்களே, அதில் அப்பா பெயரை வாசிக்கும்போது முழுப் பெயரையும் வாசிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டான். சாமியாரிடம் சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்த பேரில் முதல் எழுத்து விட்டுப்போயிருந்ததாம்.

குஞ்சு பறந்துவிட்டது. முருங்கையில் அப்பன் பின்னாலேயே வாயைத் திறந்துகொண்டு திரிகிறது, மண்டபத்துத் தம்பி சொன்னது அப்படியே. நைலான் இழை ஒன்று தொங்கத்தான் செய்தது, வீட்டுக்காரர் வெட்டிவிட்டார்.

இப்போது வேறு ஒரு பிரச்சினை. ஜூலையில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழா, அதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள். காலிக் கூட்டைக் கழற்றிவிடலாமா?

மண்டபம்_பறவைநோக்கி:

கழற்ற வேண்டாம் அக்கா, பழைய கூட்டையே சில நேரம் மறுபடி பயன்படுத்தும். வெள்ளையடிக்கும் முன்னால் பெட்டை அந்தப் பக்கம் வந்து போகிறதா என்று ஒரு காலை வேளை முழுக்கப் பாருங்கள். வராவிட்டால் கூட்டின் மேல் ஒரு துணியைச் சுற்றிவிட்டுச் சுவரை அடிக்கலாம், அடித்து முடித்ததும் துணியை எடுத்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். வந்து போனால் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். 2020-இல் சிவகங்கைப் பக்கம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டை வைத்ததற்காக ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கைப் போடாமல் இருந்தார்கள். ஒரு திண்ணைச் சுவர் வெள்ளையடிக்காமல் கிடந்தால் சந்தியாகப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.