மறு: ‘வெல்த் போனஸ்’, ‘வெல்த் செக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

டி20 மாடர்ன் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. அதன் விதித்தாளில் வரும் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை இன்று காலைதான் முழுக்கப் படித்தேன். வந்திருக்கும் பரிந்துரைகளில் பாதி, விதியைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்துச் செய்தவை என்று தோன்றுகிறது.

> வெல்த் போனஸ் = செல்வ ஊக்கத்தொகை
> வெல்த் செக் = செல்வச் சரிபார்ப்பு

ஊக்கத்தொகை என்றால் தீபாவளிக்கு முந்தின வாரம் கைக்கு வருவது. புதிதாக விளையாட உட்காருகிறவர் ‘ஊக்கத்தொகை 6’ என்று படித்தால், ஆறு காசு கையில் இருக்கிறது, செலவழிக்கலாம் என்றுதான் நினைப்பார். எங்கள் மேசையில் அப்படியே நடந்தது. ஒரு தம்பி தன் தாளில் இருந்த 6-ஐ அடித்து 4 என்று எழுதிவிட்டு, ‘ரெண்டுக்கு டார்ச் லைட் வாங்கிட்டேன்’ என்றான். தப்பு அவன்மேல் இல்லை, நாங்கள் கொடுத்த சொல்மேல்.

இதே வகையில் மூத்த ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இந்தக் குழப்பமே வராது. அங்கே காசு காசாகவே இருக்கிறது: பத்துச் செம்புக்கு ஒரு வெள்ளி, பத்து வெள்ளிக்கு ஒரு பொன். எண்ணிக் கொடுத்தால் தீர்ந்தது. 2002-இல் வந்த டி20 மாடர்ன்தான் காசை எடுத்துவிட்டு ஒரே ஓர் எண்ணை வைத்தது. சம்பளம், வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, பேர் சொன்னால் கடைக்காரர் கொடுக்கும் கடன், எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடக்கம். ஆட்டம் தொடங்கும்போது நான்முகப் பகடை இரண்டை உருட்டி, தொழிலுக்கு உரியதைக் கூட்டி அதை எழுதிக்கொள்கிறோம். ஒரு பொருளை வாங்கப் போனால் இருபதுமுகப் பகடையை உருட்டி, விழுந்ததோடு அந்த எண்ணைக் கூட்டிப் பார்க்கிறோம். பொருளுக்கென்று குறித்திருக்கும் எண்ணை எட்டினால் பொருள் நமக்கு.

ஆக அந்த எண் செல்வம் இல்லை. ‘அவங்க வசதியானவங்க’ என்று ஊரில் சொல்கிறோமே, அது. வசதியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனால் யாருக்கு எவ்வளவு என்று தெருவுக்கே தெரியும். என் பரிந்துரை வசதியெண். ‘போனஸ்’ என்பதைத் தனியாக மொழிபெயர்க்க வேண்டாம். பகடையில் விழுந்ததோடு கூட்டப்படும் எண் என்பதுதான் அதன் வேலை, அது ‘எண்’ணிலேயே வந்துவிடுகிறது.

அடுத்து ‘செக்’, அதாவது வாங்கும்போது பகடையை உருட்டிப் பார்ப்பது. எங்கள் விதித்தாளை முதலில் எந்திர மொழிபெயர்ப்பில் போட்டபோது ‘செல்வக் காசோலை’ என்று வந்தது. சிரித்தோம், ஆனால் ‘சரிபார்ப்பு’ மட்டும் என்ன வாழ்கிறது? சரியா தப்பா என்று பார்க்க இங்கே எதுவுமே இல்லை. ‘சோதனை’ இன்னும் மோசம். ‘வசதிச் சோதனை’ என்றால் விடியற்காலையில் வருமான வரிக்காரர்கள் கதவைத் தட்டிய மாதிரி இருக்கிறது.

> குறள் 933-இல் உருளாயம், பொருளாயம் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. நமக்காகவே எழுதியது போல. இதை விட்டு வேறு ஏன் தேட வேண்டும்?

இந்த மடலைப் படித்ததும் எனக்கும் மெய் சிலிர்த்தது. பகடையும் பணமும் ஒரே குறளில், அதுவும் எதுகையோடு. உருளும் கவற்றில் (பகடையில்) விழும் ஆயம் (வரவு) ஒன்று. பொருளும் அதன் வருவாயும் மற்றொன்று. ஆனால் ‘ஆயம்’ இன்று வேறு வேலைக்குப் போய்விட்டது. தீர்ப்பாயம் படித்துப் பழகிய கண்ணுக்குப் பொருளாயம் ஏதோ அரசு வாரியம் போலத் தெரியும், மனு எழுதிக்கொண்டு போய் நிற்பார்கள். தவிர, சூது வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்திலிருந்து சூதாட்டக் கலைச்சொல்லை எடுப்பதற்கு என் கை கொஞ்சம் கூசுகிறது. (நாம் பணம் வைத்து ஆடவில்லைதான்.)

அந்தக் குறளில் இருந்து நான் எடுத்துக்கொள்வது ‘உருள்’ மட்டும். தாயக்கட்டையையும் நாம் உருட்டத்தான் செய்கிறோம். எனவே வசதி உருட்டு.

‘உருட்டு என்றால் இப்போது புளுகு’ என்று இருவர் மறுத்திருக்கிறார்கள். உண்மைதான். ‘என்ன உருட்டு இது’ என்று கேட்காத பிள்ளை இல்லை. ஆனால் அந்த வழக்கு இன்னும் ஐந்து வருடம் நிற்குமா என்று யாருக்குத் தெரியும்? பகடையை உருட்டுவது அதற்கு முன்பும் இருந்தது. ‘வீச்சு’ என்று மாற்றுச் சொல் தந்தவருக்கு: துப்பாக்கி எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு இதே விதித்தாளில் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம்.

பொருளுக்குக் குறித்திருக்கும் எண்ணுக்கு ‘கொள்முதல் கடினத் தரம்’ என்று வந்திருக்கிறது. டெண்டர் விளம்பரம் மாதிரி இருக்கிறது. வசதியெண்ணுக்கு இணையாக விலையெண் என்று வைத்தால் விதியே சுருங்கிவிடும்: விலையெண், வசதியெண்ணைவிடக் கூடவில்லை என்றால் உருட்டவே வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம். ‘விலைப்படி’ என்ற பரிந்துரையும் எனக்குப் பிடித்தே இருந்தது, ஏனென்றால் இது படிப்படியாகத்தான் ஏறுகிறது. 12 என்றால் 200 டாலர், 20 என்றால் 2,000, 28 என்றால் 20,000. எட்டுப் படி ஏறினால் பத்து மடங்கு. ஆனால் பஞ்சப்படி, பயணப்படி வாங்கும் ஊரில் ‘விலைப்படி 20’ என்றால் சம்பளப் பட்டியலில் தேடுவார்கள்.

இனி, உண்மையிலேயே சண்டை வரும் இடம். வாங்கிய பிறகு வசதியெண் எவ்வளவு குறையும்?

வசதியெண் 6 உள்ளவர் விலையெண் 20 உள்ள பொருளுக்கு ஆசைப்படுகிறார். 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். விழுந்துவிட்டது, சரி. இரண்டு எண்ணுக்கும் இடையே வித்தியாசம் 14. வித்தியாசம் 1 முதல் 10 வரை என்றால் ஒன்று குறையும். 11 முதல் 15 வரை என்றால் அறுமுகப் பகடை ஒன்றை உருட்டி விழுந்தது குறையும். 16-ம் அதற்கு மேலும் என்றால் அதே பகடை இரண்டு. நம்மவருக்கு ஒரு பகடை. இதற்குமேல், விலையெண் 15-ஐத் தொட்ட எந்தப் பொருளுக்கும் இன்னொன்று குறையும். எங்கள் தாளில் இந்த வரியை ‘அல்லது ஒன்று குறையும்’ என்று எழுதியிருந்தோம். அந்த ‘அல்லது’வால் இரண்டு மாதம் தப்பாக ஆடினோம். ‘இதோடு சேர்த்து ஒன்று’ என்று இருக்க வேண்டும். நம்மவர் பகடையில் 6 விழுந்தால் மொத்தம் ஏழு போக வேண்டும்; சுழியத்துக்குக் கீழே இறங்காது என்பதால் 0-வில் நிற்பார். அதன்பின் விலையெண் 10-ம் அதற்கு மேலும் உள்ள எதையும் அவரால் வாங்க முடியாது.

இந்தக் குறைவுக்கு ‘வசதி இழப்பு’ என்று வந்திருக்கிறது. தப்பில்லை. ஆனால் கல்யாணச் செலவு முடிந்ததும் என்ன சொல்கிறோம்? ‘கையைக் கடிச்சிருச்சு.’ அதனால் கைக்கடி. ‘கைக்கடி 3’ என்றால் வசதியெண்ணில் மூன்று போச்சு. கைக்கடிகாரம் ஞாபகம் வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும்.

ஒருவர் இன்னொருவருக்கு வாங்க உதவினால், உதவியவரும் உருட்டி 10-ஐ எட்ட வேண்டும். எட்டினால் வாங்குபவருக்கு +2, உதவியவருக்குக் கைக்கடி 1. இதற்குக் ‘கைமாற்று’ வேண்டாம், கைமாற்றுத் திரும்பி வர வேண்டும், இது வராது. மொய்யும் அதே காரணத்தால் வேண்டாம். ‘கைகொடுத்தல்’ போதும்.

பகடைக் குறியீடு: அறுமுகப் பகடை இரண்டைக் குறிக்கும் ‘2டி6’ என்பதை ‘2ப6’ என்று எழுதலாம் என்பதற்கு என் ஓட்டு. வாயால் சொல்லும்போது ‘ஆறுமுகம் ரெண்டு’ என்கிறார்கள். எங்கள் மேசையில் ஆறுமுகம் என்றே ஒருவர் இருப்பதால் எங்களால் மட்டும் முடியவில்லை.

மிச்சம் இருப்பது ‘டேக் 20’. உருட்டாமல் 20 விழுந்ததாக வைத்துக்கொள்வது, ஆனால் இருபது மடங்கு நேரம் ஆகும். எளிதில் கிடைக்காத பொருளுக்கு விலையெண் எவ்வளவோ அத்தனை மணி நேரம் கடை ஏற வேண்டும். விலையெண் 20 என்றால், அதன் இருபது மடங்கு, 400 மணி நேரம். ஒரு புடவைக்காகத் தெரு முழுக்க ஏறி இறங்கியவர்கள் இதற்கு நிச்சயம் ஒரு சொல் வைத்திருப்பார்கள். எனக்கு ‘இருபது வைத்துக்கொள்ளுதல்’ என்பதற்கு மேல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாளை அச்சுக்குக் கொடுக்கிறோம், அதற்குள் எழுதுங்கள்.