காந்தம் கலவையிலா, அடுக்கிலா?

அட்டன் உயர்தரம்: டியூஷன்ல சேர் சொன்னார்: "கலப்புலோக மென்படலத்தோட (மிக மெல்லிய பூச்சோட) காந்தக் குணத்தைத் தீர்மானிக்கிறது உலோக விகிதம்தான்." முழுசா சரியா?

டிக்கோயா மெக்கானிக்: இதுல என்ன பிழை? பர்மலோயை எடுங்க, 1914இல் குஸ்தாவ் எல்மன் கண்டுபிடிச்சது. நிக்கல் சுமார் 80, இரும்பு 20. நிக்கல் 81க்கு வரும்போது, காந்தமாக்கினா நீளுறதும் சுருங்குறதும் கிட்டத்தட்டப் பூச்சியம். படலம் சிலிக்கன்ல ஒட்டி இழுபட்டுத்தான் கிடக்கும். அந்த இழுவை காந்தத்தைக் கெடுக்காம இருக்கிறதே விகிதத்தாலதான்.

பேராதனைக்காரி: அண்ணே, உங்களுக்குச் சாதகமான சாட்சியை மட்டும் கூப்பிட்டா எப்படி? இரும்பும் பிளாற்றினமும் சரிபாதி எடுங்க. சூடில்லாமப் படியவிட்டா ரெண்டு அணுவும் கண்டபடி கலந்து கனசதுர அடுக்குல கிடக்கும். மென்காந்தம், அதாவது காந்தத் திசையைச் சுலபமாத் திருப்பலாம். அதே படலத்தை 500, 600 பாகை செல்சியஸுக்குச் சூடாக்குங்க. ஒரு தட்டு இரும்பு, ஒரு தட்டு பிளாற்றினம்னு அடுக்கிக்கும். கனசதுரம் நசுங்கி, உயரம் அகலத்துல 0.96 மடங்காகும். செப்பு வச்ச எக்ஸ் கதிர்க் குழாயால பார்த்தா, சிதறல் வரைபுல 24 பாகைக் கோணத்துக்கிட்ட, முன்னே இல்லாத ஒரு உச்சம் எழும்பும்; அதுதான் தட்டடுக்கோட அடையாளம். ஒரு அணுகூடக் கூடல, குறையல. ஆனா இப்போ காந்தத் திசையைத் திருப்பப் பெரிய எதிர்க் காந்தப்புலம் வேணும்.

டிக்கோயா மெக்கானிக்: லெப்ல உலை வச்சிருக்கிறவங்களுக்குச் சரி தங்கச்சி. எங்களுக்குக் கண்ணால காட்ட முடியுமா?

பேராதனைக்காரி: 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க் இருக்கா? நடுவுல காந்தம் ஒட்டாது. ஆழமா அழுத்தின மூலையில லேசாப் பிடிக்கும். அழுத்தத்துல அங்க அணு அடுக்கு மாறிடுச்சு. படலம் இல்லதான், ஆனா கதை அதேதான்.

டிக்கோயா மெக்கானிக்: தேயிலைத்தூள்ல இரும்புத்துகள் பிடிக்கிற பழைய காந்தம் ஒன்னு என்கிட்ட கிடந்துச்சு. கென்டீன் சிங்க் மூலையில வச்சுப் பார்த்தேன். இழுக்குது, கையை விட்டா விழுது. பாதி ஒத்துக்கிறேன். ஆனா இரும்பு 80, பிளாற்றினம் 20 போட்டு எத்தனை நாள் சூடாக்கினாலும் உங்க தட்டடுக்கு வருமா? அடுக்க விடுறதே விகிதம்தானே?

பேராதனைக்காரி: வராது, அதை நான் மறுக்கல. சேர் வசனத்துக் கடைசியில போட்ட அந்தத் "தான்" தான் எனக்குப் பிரச்சினை. தடிப்பை ரெண்டு பேருமே விட்டுட்டோம். பர்மலோய் மென்படலத்துல காந்தத் திசை தளத்துக்குள்ளேயே படுத்துக்கப் பார்க்கும். அது வடிவத்தால வர்றது, விகிதத்தால இல்ல.

அட்டன் உயர்தரம்: அக்கா, டியூஷன்ல சிங்க் இல்லையே. கரண்டி கொண்டுபோய்க் காட்டவா?

பேராதனைக்காரி: கரண்டி வேணாம் தம்பி. நிறையக் கரண்டி நிக்கலே இல்லாத உருக்கு, முழுசா ஒட்டும், சேர் ஜெயிச்சிடுவார். அம்மாவோட சாப்பாட்டுப் பெட்டி மூலையை முதல்ல சோதிச்சுப் பாரு.