பால்கனியில் நின்று சிகரெட் பிடித்தால் குழந்தைக்குப் பாதிப்பு இல்லையா?

நிலாமுற்றம்:
எட்டு மாதக் குழந்தை உள்ள வீடு. சிகரெட் பிடிப்பவர் பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் பிடிக்கிறார். காரிலும் பிடிப்பார், ஆனால் அப்போது குழந்தை உள்ளே இருக்காது. குழந்தைக்கு நடுக்காதில் இரண்டு தடவை சீழ் கட்டிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? ஏர் ப்யூரிஃபையர் வைத்தால் போதுமா? பொத்தாம்பொதுவாக இல்லாமல் விவரமாகச் சொல்லுங்கள்.

செவிப்பறை:
சம்பந்தம் உண்டு. பெற்றோரின் புகைப்பழக்கம் குழந்தைகளின் நடுக்காது நோய்க்குக் காரணமாகிறது என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை உறுதியாகவே சொல்கிறது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் போகும் யூஸ்டேஷியன் குழாய் குழந்தைகளுக்குக் குட்டை, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும். அதன் உட்சுவரில் உள்ள நுண்ரோமங்கள்தான் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. புகை பட்டால் அவை மந்தமாகும், சவ்வு வீங்கும், நீர் தேங்கும், தேங்கிய நீரில் கிருமி வளரும். சீழ் வற்றிய பிறகும் அந்த நீர் வாரக்கணக்கில் நிற்கலாம். அதுவரை காது மந்தம்தான், அதுவும் பேச்சு பழகும் வயதில். மருத்துவரிடம் டிம்பனோமெட்ரி (செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனை) செய்யலாமா என்று கேளுங்கள், நீர் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பது, அடிக்கடி சளி பிடிப்பது இவையும் இதே வேலையைச் செய்யும் என்பதால் பழி முழுவதையும் புகைமேல் போட்டுவிட முடியாது.

புகைபடாதவீடு:
பால்கனி, உள்ளே பிடிப்பதைவிடத் தேவலாம், அவ்வளவுதான். கதவிடுக்கு வழியாகப் புகை உள்ளே வரும். பிடித்து முடித்தவரின் மூச்சிலும் சில நிமிடங்களுக்குப் புகைத்துகள் வந்துகொண்டிருக்கும். சட்டை, முடி, விரல்களில் நிகோடின் ஒட்டியிருக்கும். குழந்தை தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது, தோளில் முகம் புதைக்கிறது. அதோடு எட்டு மாதக் குழந்தை நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விடும். பெரியவர்களுக்கு அது 12 முதல் 20 வரைதான்.

முழுக்க விடும்வரை: வெளியே போகும்போது மேலே ஒரு சட்டை போட்டு, அதை வெளியிலேயே கழற்றிவிடுங்கள். கை, முகம் சோப்புப் போட்டுக் கழுவி, வாய் கொப்பளித்து, கொஞ்ச நேரம் கழித்துத் தூக்குங்கள். இது பாதிப்பைக் குறைக்கும், நீக்காது. பிடித்து முடித்த சிகரெட் துண்டுகளை மூடியுள்ள டப்பாவில், எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு துண்டை மென்று விழுங்கினாலே குழந்தைக்கு வாந்தி வரும்.

இன்னொன்று, இதில் சமரசமே வேண்டாம்: புகைப்பவர் குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்கக் கூடாது. வெளியே போய்ப் பிடித்தாலும் திடீர் சிசு மரண ஆபத்து கூடும். அதே அறையில், தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

வடிகட்டி:
ப்யூரிஃபையர் பற்றி. ஹெபா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கரி அடுக்கு இருந்தால் வாசனையும் சில ஆவிகளும் குறையும், ஆனால் சீக்கிரம் நிறைந்துவிடும். கார்பன் மோனாக்ஸைடு அதில் நிற்கவே நிற்காது. வாசனை போனதும் புகையும் போயிற்று என்று நினைத்து உள்ளேயே பிடிக்க ஆரம்பிப்பார்கள், அதுதான் இந்த இயந்திரம் செய்யும் பெரிய கெடுதல்.

காரில் குழந்தை இல்லாதபோது பிடிப்பதும் கணக்கில் வரும். இருக்கைத் துணி, நுரை, கூரை எல்லாம் நிகோடினை உறிஞ்சி, வெயிலில் திரும்பக் கக்கும். காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து அது நைட்ரோசமீன்களாகவும் மாறுகிறது, அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. நுரைக்குள் இறங்கியதைக் கழுவி எடுக்க முடியாது. வீட்டில் மஞ்சள் படிந்த சுவர் இருந்தால் முதலில் டிடர்ஜென்ட்டால் கழுவி, கறை தடுக்கும் ப்ரைமர் அடித்து, அப்புறம் பெயின்ட். நேரடியாக அடித்தால் கறை மேலே ஊறி வரும்.

நிலாமுற்றம்:
நன்றி. குழந்தை உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க முடியுமா? அம்மாவும் பிடித்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

செவிப்பறை:
சிறுநீரில் கோட்டினைன் (நிகோடின் உடலுக்குள் போய் மாறி உண்டாகும் பொருள்) பார்க்கலாம், கடைசி இரண்டு மூன்று நாள் கணக்கு தெரியும். தாய் புகைத்தாலோ நிகோடின் பேட்ச் ஒட்டியிருந்தாலோ பால் வழியாகவும் அது ஏறும், ஆகவே அந்த எண்ணைப் புகையின் அளவாக மட்டும் படிக்காதீர்கள். பாலை நிறுத்தக் கூடாது. நிகோடின் பாலில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகக் குறையும், அதனால் பிடிப்பதைத் தவிர்க்கவே முடியாவிட்டால் பால் கொடுத்த பிறகு, அடுத்த வேளைக்கு நிறைய இடைவெளி விட்டுத்தான்.

சளி இருக்கும் நாட்களில் குழந்தை அமைதியாக இருக்கும்போது முழுதாக 60 நொடி மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே ஒடுங்கினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.