39 டிகிரியில் ஈஸ்ட்: மரபணு தேடிப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புளிச்சமாவு:

நானே ஆரம்பிக்கிறேன், சிரிக்காமல் படிக்கவும்.

முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடம், மே மாதம். ஈஸ்ட் சூடு தாங்குவதற்கு எந்தெந்த மரபணுக்கள் வேண்டும் என்று தேடுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட்தான், 30 டிகிரியில் சுகமாக வளரும், 37-இல் சமாளிக்கும், 40-ஐத் தொட்டால் ஆய்வகத்து ஸ்ட்ரெய்ன்களுக்கு (ஈஸ்ட்டின் தனித்தனி வகைகளுக்கு) மூச்சு முட்டும். இந்த மாதிரித் தேடலுக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. 1996-இல் ஈஸ்ட்டின் மொத்த மரபணுத்தொகுதியையும் படித்து முடித்தார்கள் இல்லையா, அதற்கப்புறம் பல ஆய்வகங்கள் சேர்ந்துகொண்டு ஒவ்வொரு மரபணுவாக வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ஜி418 மருந்தைத் தாங்கும் ஒரு துண்டைச் செருகி வைத்தார்கள். முழுத் தொகுப்பைப் பற்றிய கட்டுரை 2002-இல் வந்தது. ஈஸ்ட்டுக்கு மொத்தம் ஏறக்குறைய 6000 மரபணுக்கள், அதில் இல்லாவிட்டாலும் உயிரோடு இருக்க முடிகிறவை மட்டும் 4800 சொச்சம். அவ்வளவும் 96 குழித் தட்டுகளில், ஐம்பதுக்கு மேல் தட்டுகளாக, மைனஸ் 80 ஃப்ரீசரில் உட்கார்ந்திருந்தன.

96 ஊசி வைத்த ஒரு கருவியைக் குழிகளில் முக்கி, ஈஸ்ட் வளர்கிற அகார் கூழ்த் தட்டில் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் ஆல்கஹாலில் முக்கு, தீயில் காட்டு, ஆற விடு, அடுத்த தட்டு. ஒரு தடவை அவசரத்தில் ஆற விடாமலே முக்கிவிட்டேன், 'சுர்' என்று ஒரு சத்தம், அந்தத் தட்டில் எதுவுமே வளரவில்லை. சூடு தாங்கும் மரபணு ஒன்றுகூட இல்லாத தட்டு!

ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல், ஒன்று 30-இல், ஒன்று 39-இல். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 30-இல் வளர்ந்து 39-இல் வளராதவை 140. ஆகா என்று எக்ஸெலில் போட்டு வரிசைப்படுத்தினால், பாதிக்கு மேல் இன்குபேட்டரில், அதாவது சூட்டை ஒரே அளவில் வைக்கும் பெட்டியில், ஒரே அடுக்கில் வைத்தவை. சந்தேகம் வந்து தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். இன்குபேட்டரின் முகப்பு 39 என்கிறது, மேல் அடுக்கில் 41, கீழ் அடுக்கில் 38.5. இந்த இரண்டரை டிகிரியில்தான் ஈஸ்ட்டின் தலையெழுத்தே இருக்கிறது. இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 30-க்கு வைத்த பழைய இன்குபேட்டருக்குச் சூடேற்ற மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையில் ஏசி ஓடவில்லை, வெளியே அக்னி நட்சத்திரம். உள்ளே 35. ஆக நான் ஒப்பிட்டது 30-ஐயும் 39-ஐயும் அல்ல, 35-ஐயும் 41-ஐயும்.

எல்லாவற்றையும் மறுபடி, இந்த முறை பத்துப் பத்து மடங்காக நீர்த்துப் பொட்டு வைத்துப் பார்த்ததில் 31 தேறின. பட்டியலை வழிகாட்டியிடம் நீட்டினேன். மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்துவிட்டு, "எச்எஸ்பி104 எங்கே?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனென்றால் வெப்பம் என்றாலே எல்லோரும் முதலில் சொல்கிற பெயர் அது. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட புரதங்களைப் பிரித்துவிடும் புரதத்தின் மரபணு. குழி மாறிவிட்டதோ என்று பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்தேன், ஸ்ட்ரெய்ன் சரிதான். ஆனால் 39-இல் ஜம்மென்று வளர்கிறது.

அப்புறம்தான் சூசன் லிண்ட்குவிஸ்ட் ஆய்வகம் 1990-இல் எழுதியதை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். எச்எஸ்பி104 இல்லாத ஈஸ்ட் சாதாரணமாகவே வளருமாம். நேராகக் கடும் சூட்டில் போட்டாலும் மற்றதைப் போலவே சாகுமாம். வித்தியாசம் எங்கே என்றால், முதலில் 37-இல் கொஞ்ச நேரம் வைத்துப் பழக்கிவிட்டு 50-க்குக் கொண்டு போகும்போது. பழக்கிய சாதா ஈஸ்ட் தப்பிக்கும், இது தப்பிக்காது. 39-இல் நாள் கணக்கில் வளர்வது ஒரு குணம், 50-இல் சில நிமிடம் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு குணம். நான் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இது தெரிய ஒன்றரை வருடம்.

பெட்ரிதட்டு:

தம்பி, இன்குபேட்டர் கதை எனக்கும் உண்டு, அதை விடு. அந்தத் தொகுப்பில் இல்லாதது என்ன என்று யோசித்தாயா? சூடு ஏறினால் வேலைக்கு வருகிற வெப்ப அதிர்ச்சி மரபணுக்களைத் தட்டி எழுப்புகிற எச்எஸ்எஃப்1 அதில் கிடையாது, அது இல்லாமல் ஈஸ்ட் 30-இலேயே வாழாது. நெருக்கடியில் மற்ற மரபணுக்களை எழுப்புகிற எம்எஸ்என்2, எம்எஸ்என்4 இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்றை எடுத்தால் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், உன் தட்டில் ஒன்றும் தெரியாது. டிரெஹலோஸ் சர்க்கரை செய்கிற டிபிஎஸ்1 இன்னொரு தலைவலி. அதை நீக்கினால் குளுக்கோஸில் ஒழுங்காக வளரவே வளராது, கேலக்டோஸுக்கு மாற்றிவிட்டுத்தான் சூட்டைப் பற்றியே பேச முடியும். எனக்கு வந்த ஒரு ஸ்ட்ரெய்ன் முதல் வாரம் 39-இல் செத்தது, மூன்றாம் வாரம் பேயாக வளர்ந்தது. வேறெங்கோ இரண்டாவது பிறழ்வு (மரபணு மாற்றம்) ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டு எனக்கு டாட்டா காட்டிவிட்டது.

நான் கடைசியில் வெட்டுவதை விட்டுவிட்டு, இயற்கையிலேயே சூடு தாங்குகிறவற்றின் பக்கம் போனேன். 2002-இல் ஸ்டைன்மெட்ஸ் குழு செய்தது இந்த வழிதான். நோயாளி ஒருவரின் நுரையீரலிலிருந்து எடுத்த ஈஸ்ட்டின் வழிவந்த ஒன்றை ஆய்வக ஈஸ்ட்டோடு கலந்து, பிள்ளைகளில் எது சூட்டில் வளர்கிறது என்று பார்த்து, 14-ஆம் குரோமோசோமில் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு மரபணு இருக்கும் என்று தோண்டினால் பக்கத்துப் பக்கத்தில் மூன்று: எம்கேடி1, எண்ட்3, ஆர்ஹெச்ஓ2. தனியாக எதுவும் போதாது. கண்டுபிடித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலப்பினத்தில் ஒரு தடவை அப்பா வழிப் பிரதியை நீக்குவது, இன்னொரு தடவை அம்மா வழிப் பிரதியை, மற்றதெல்லாம் அப்படியே, அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அந்தக் கட்டுரையின் இரண்டாவது ஆசிரியர் ஹிமான்ஷு சின்ஹா இப்போது சென்னை ஐஐடியில்தான் இருக்கிறார்.

2018-இல் பெர்க்லியில் ரேச்சல் பிரெம் குழு இதையே மரபணுத்தொகுதி முழுக்கச் செய்தது. 39-இல் வளர்கிற செரிவிசியே (நம் ரொட்டி ஈஸ்ட்தான்), வளராத அதன் பங்காளி இனம் பாரடாக்ஸஸ், இரண்டின் கலப்பினம். எட்டு மரபணுக்கள் சிக்கின. பெரும்பாலும் உயிருக்கே அவசியமானவை, பல செல் பிரிவதற்கு வேண்டியவை. உன் ஐம்பது தட்டில் தலைகீழாக நின்றாலும் அவை கிடைத்திருக்காது.

புளிச்சமாவு:

அக்கா, இதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

மொலாசஸ்மாமா:

எனக்கு மரபணு எல்லாம் தெரியாது, சர்க்கரை ஆலையோடு சேர்ந்த எரிசாராய ஆலையில் 22 வருடம். நொதிக்கும்போது தொட்டி தானாகவே சூடாகும், 32, 33-ஐத் தாண்டாமல் பிடித்து வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. மே மாதம் கூலிங் டவர் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், தொட்டி 36-க்கு ஏறும், சாராயமும் சூடும் சேர்ந்து ஈஸ்ட்டைக் கொல்லும், சர்க்கரை மிச்சம் நிற்கும், ஷிஃப்ட் இன்சார்ஜுக்குத் திட்டு விழும். வெட்டிப் பார்ப்பதற்குப் பதில் சூட்டிலேயே போட்டு வளர்த்து, பிழைத்ததை எடுத்துக்கொள்ள முடியாதா தம்பி?

புளிச்சமாவு:

செய்திருக்கிறார்கள் மாமா. ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில், 2014-இல் கட்டுரை வந்தது. 40 டிகிரி வாக்கில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பிழைத்தவற்றின் மரபணுத்தொகுதியைப் படித்துப் பார்த்தால் ஈஆர்ஜி3 என்ற மரபணு கெட்டுப் போயிருந்தது. செல் சவ்வில் இருக்க வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளுக்குப் பதில் அதே வகையில் வேறொரு ஸ்டெரால். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஈஆர்ஜி3 நீக்கிய ஸ்ட்ரெய்ன் என் தட்டிலேயே இருந்திருக்கிறது. நான் செத்தவற்றை மட்டும்தான் எண்ணினேன், யார் நன்றாக வளர்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை.

ஒரு குறை, அவர்கள் வளர்த்தெடுத்தது 30-இல் பழைய ஈஸ்ட்டை விட மெதுவாகத்தான் வளரும்.

மொலாசஸ்மாமா:

அதனால் என்ன, எங்கள் தொட்டி மே மாதத்தில் 30-ஐப் பார்த்ததே கிடையாது. அந்த ஈஸ்ட் மொலாசஸில் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகில்) பிழைக்குமா, அதைச் சொல்.