தேயிலைத் தொழிற்சாலை ஓசையைக் கேசட்டில் வெளியிடலாமா?

குன்னூர்ப் பனி:
குன்னூருக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், உரிய அனுமதி பெற்று, இலை வாட்டும் தொட்டிகளின் விசிறி ஓசையையும் சி.டி.சி. உருளைகள் இலையை நசுக்கி அறுக்கும் சத்தத்தையும் கைப்பேசியில் பதிந்திருக்கிறேன். இரைச்சல் இசைக் கலைஞர் மெர்ஸ்பவ் தொடக்கக் காலத்தில் கேசட்டுகளாகவே வெளியிட்டார் என்று அறிந்தபின், நானும் இருபது பிரதிகள் வெளியிட விரும்புகிறேன். கேசட் வெறும் பழமை மோகந்தானா, ஒலியை அது உண்மையிலேயே மாற்றுமா?

பழைய டெக்:
மெர்ஸ்பவ் எனப்படும் மசாமி அகிதாவுக்குக் கேசட் மோகமன்று, கைக்கு எட்டிய வழி. 1979-இல் டோக்கியோவில் தொடங்கிய அவர், வீட்டிலேயே பதிந்து, ஒளிநகலெடுத்த ஒட்டுப்படங்களை உறையாக்கி, அஞ்சலில் அனுப்பினார்; அந்த வட்டத்தில் காசுக்குப் பதில் கேசட்டுக்குக் கேசட் மாற்றிக்கொள்வது வழக்கம். கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானிய ஓவியர் ஹானோவரில் தம் வீட்டுக்குள் கண்டெடுத்த பொருள்களைக் கொண்டு எழுப்பிய படைப்பின் பெயரைத்தான் அகிதா எடுத்துக்கொண்டார். கழிவை எடுத்து வேறொன்றாகக் கட்டுவதே அவரது வேலை. நீங்கள் பதிந்தது, குறை கூறுவதாக எண்ண வேண்டாம், இப்போதைக்கு ஓர் ஆவணம் மட்டுமே. 1976-இல் லண்டனில் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கி ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற இசை வகைக்குப் பெயர் தந்த த்ராபிங் கிரிசில் குழுவினரும் ஆலைச் சத்தத்தை அப்படியே எடுத்துத் தந்தவர்கள் அல்லர்.

கோத்தகிரி வானொலி:
கேசட்டையே கருவியாக்கலாம். ரிகார்டரில் பழைய ஒலியை அழிக்கும் முனையான எரேஸ் ஹெட்டை மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் மறைத்துவிட்டு மேலே பதிந்தால், பழைய ஒலி முழுதும் அழியாமல் மங்கி அடியில் தங்கும். விசிறியின் மேல் உருளைச் சத்தத்தை நான்கைந்து முறை அடுக்கினால் எது எந்த இயந்திரம் என்றே தெரியாது. டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுவதால், சுமார் 24 செ.மீ. துண்டை வளையமாக ஒட்டிக் கேசட்டின் கூட்டுக்குள் வைத்தால் ஐந்து நொடிச் சுழற்சி கிடைக்கும். திருகாணி போட்ட கூடாகப் பார்த்து வாங்குங்கள்; ஒட்டிய கூட்டைத் திறந்தால் உடைந்துவிடும்.

கொடைக்கானல் மேடு:
இங்கு மழைக்காலம் முடிவதற்குள் என் கேசட்டுகளில் பாதி வெண்பூஞ்சை பிடித்துவிட்டன. அவற்றை நல்ல டெக்கில் போட்டால் ஹெட் வழியாக மற்றவற்றுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். சி-60 எனும் அறுபது நிமிடக் கேசட் ஒன்றை இயல்பு வேகத்தில் நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

குன்னூர்ப் பனி:
எனில் இருபது பிரதிக்கு இருபது மணி நேரம். எரேஸ் ஹெட்டை மறைத்து மூன்று அடுக்கு வரை முயன்றேன். உருளைச் சத்தம் ஓலைக்கூரை மீது பெய்யும் மழைபோல் ஆகிவிட்டது. ஆறு பிரதிகள் மட்டும் செய்கிறேன். கேசட்டுக்குக் கேசட் அனுப்பச் சம்மதமுள்ளவர்கள் தெரிவிக்கலாம்.