கல்லடி மணலில் வீட்டுக் கராஜுக்குக் கார் ஹொயிஸ்ட் பூட்டலாமா?

வாவிக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கல்லடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன், பின்னேரங்களில் கார்ப் பைத்தியம். வீட்டில் ஒரு கொரோலா 110, மாமாவின் டொல்பின் வான் ஒன்று. எண்ணெய் மாற்றுவது, பிரேக், புஷ், கிளச் எல்லாம் நானே செய்வேன். இதுவரை ட்ரொலி ஜக்கும் ஸ்டாண்டும்தான். இனி நிலத்தில் மல்லாந்து படுத்து வேலை செய்ய முதுகு விடாது.

கராஜ் உள்ளளவு 14 அடிக்கு 22 அடி. தகரக் கூரை, சுவர் 10 அடி, நடு முகடு 13 அடி. தரை பழைய கொங்கிரீட், மேலே சீமெந்துப் பூச்சு. தடிப்பு எவ்வளவு என்று தெரியவில்லை. கரண்ட் சிங்கிள் பேஸ், 30 அம்பியர்.

காரைத் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண் ஹொயிஸ்ட்தான் ஆசை. எத்தனை தொன் எடுக்க வேண்டும்? நம்முடைய மணல் தரை தாங்குமா? இல்லாவிட்டால் பேசாமல் காருக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்டிவிடவா? மனைவி குழிக்கு மாட்டேன் என்கிறா, பிள்ளைகள் விழுந்துவிடுவார்களாம்.

கல்முனை ஸ்பானர்:

அக்கா சொல்வதுதான் சரி. கல்லடியில் குழி வெட்டினால் மாரிக்கு அது கிணறு. கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் தண்ணீர் இறைப்பதே வேலையாகிவிடும். இன்னொன்று, பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். குழிக்குள் இறங்கித் தேங்கும். கையில் பிடிக்கும் லைட் ஒன்று உடைந்தால் போதும், பற்றிவிடும்.

என்னைக் கேட்டால் கத்தரிபோல் விரிந்து காரை அடியில் இருந்து தூக்கும் கத்தரி ஹொயிஸ்ட் எடுங்கள். தூண் இல்லை, கொங்கிரீட் உடைக்கும் வேலை இல்லை. ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே தூக்கும், ஸ்டூலில் இருந்து வேலை செய்யலாம். வேலை முடிய ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கலாம். நான் அதில்தான் பிரேக் வேலை எல்லாம் செய்கிறேன்.

பழைய போர்மன்:

தம்பி கல்முனை சொன்னது பிரேக்குக்கும் டயருக்கும் சரி. கியர்பொக்ஸ் இறக்கப் போனால் கத்தரியின் இரும்பு நடுவில் நிற்கும், கை போகாது. வாத்தியார் தம்பி கிளச் வேலையும் செய்கிறார், அவருக்கு இரண்டு தூண்தான் தோது.

ஆனால் எல்லோரும் ஹொயிஸ்ட்டை வாங்கி வளவில் இறக்கிவிட்டு மறுகாதான் தரையைப் பார்க்கிறார்கள். தரையை முதலில் பாருங்கள். நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன், இந்தக் கரையில் பூட்டிய ஹொயிஸ்ட்டுகள் பலவற்றுக்குக் கூட நின்றிருக்கிறேன். நம் பக்கத்து வீட்டுத் தரைகள் அநேகமாக 1:3:6 கலவை (சீமெந்து, மணல், கல்), மூன்று அங்குலத் தடிப்பு. கதிரை மேசைக்குப் போதும். காரை ஓட்டி உள்ளே விடுவதற்கும் போதும். தூணைத் தரையோடு பிடிக்கும் அங்கர் போல்ட்டுக்குப் போதாது. மூலையில் ஒரு சின்னத் துளை போட்டுத் தடிப்பைப் பாருங்கள், சந்தேகம் அதோடு தீரும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காரின் பாரம் தூணுக்கு நேர் மேலே இல்லை, உள்பக்கம் நீண்ட கைகளில் இருக்கிறது. ஆகவே இரண்டு தூணும் எப்போதும் உள்ளே சரியத்தான் பார்க்கும். அதைப் பிடித்து நிற்பது வெளிப்பக்கத்துப் போல்ட்டுகள். அவை கொங்கிரீட்டை மேல்நோக்கி இழுக்கின்றன. தரை மெல்லியதாக இருந்தால் போல்ட்டோடு ஒரு துண்டு பெயர்ந்து வரும், கார் மேலே இருக்கும்போது.

மணலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இறுக்கி, பக்கத்தால் ஓடாமல் அடைத்து வைத்த மணல் நல்ல அத்திவாரம். கெடுப்பது வெள்ளம். கொங்கிரீட் சிலாபின் ஓரத்தால் தண்ணீர் ஓடி மணலை அரித்துக்கொண்டு போகும். கராஜைச் சுற்றிக் கல் வைத்துக் கட்டி, ஓரத்தை ஒன்றரை அடியாவது கீழே இறக்குங்கள்.

நான் செய்விப்பது இப்படி: தூண்கள் வரும் இடத்தில் பழைய தரையைக் குறுக்காக முழு அகலத்துக்கும் ஆறு அடி நீளத்தில் உடைத்து எடுப்போம். மணலை நனைத்து மெசினால் இறுக்கி, பொலித்தீன் விரித்து, 12 மில்லிமீற்றர் கம்பி மேலும் கீழும் கட்டி, எட்டு அங்குலத்துக்கு 1:1½:3 கலவை. இரண்டு தூணுக்கும் ஒரே சிலாப். தனித்தனிப் பெட்டியாகப் போட்டால் ஒன்று இறங்கி மற்றது நிற்கும். ஹொயிஸ்ட்டின் புத்தகம் இதைவிடக் கூடக் கேட்டால் புத்தகத்தின்படி போடுங்கள். கடல் மணல் ஒரு சட்டிகூட வேண்டாம், உப்புக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், கம்பி உள்ளுக்குள்ளேயே கறள் பிடிக்கும். போல்ட் வரும் இடங்களை முதலே குறித்து, கம்பியை விலக்கிக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ட்ரில் கம்பியில் முட்டி நிற்கும். மேசன் இரண்டு கிழமையில் பூட்டலாம் என்பார். 28 நாள் விடுங்கள், தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள்.

எத்தனை தொன் என்று கேட்டீர்கள். கொரோலா ஒரு தொன்னை ஒட்டித்தான் வரும், வான் ஒன்றரைக்கு மேல். மூன்றரை அல்லது நாலு தொன் எடுத்தால் போதும். அதைவிட முக்கியம், வானின் சேசிஸைப் பிடிக்கிற அளவுக்குக் கைகள் நீளுமா, கையின் நுனியில் வைத்து உயரம் கூட்டும் அடப்டர் கூட வருகிறதா என்று பார்ப்பது.

வாவிக்கரையான்:

நன்றி அண்ணன். துளை போட்டுப் பார்த்தேன். இரண்டரை அங்குலம், கீழே வெறும் மணல். சரி, உடைக்கத்தான் வேண்டும்.

தூண்களுக்கு இடையிலான கேபிளும் ஹோஸும் கீழால் போகும் மொடலா, மேலால் போகும் மொடலா? முகடு 13 அடி இருப்பதால் மேலால் போவது சரிவரும் என்று நினைத்தேன்.

பழைய போர்மன்:

முகட்டைப் பார்க்காதீர்கள், சுவருக்குச் சுவர் ஓடும் குறுக்கு வளையைப் பாருங்கள். உங்கள் கூரையில் வளை சுவர் மட்டத்தில், 10 அடியில் ஓடும். மேலால் போகும் மொடலுக்குத் தூண் உயரமே அநேகமாகப் பன்னிரண்டு அடி வரும். கீழால் போவது ஒன்பதரை அடிக்குள் நிற்கும். கூரையை உயர்த்தலாம்தான், ஆனால் 78 நவம்பர் சூறாவளியில் தகரம் பறந்ததைக் கண்டவன் நான், கடலுக்கு இவ்வளவு கிட்ட ஒரு கூரையை மேலும் உயர்த்தச் சொல்ல மாட்டேன்.

கீழால் போகும் மொடலில் ஒரு தலையிடி இருக்கிறது. நிலத்தில் ஒரு தகட்டுக்குக் கீழே கேபிளும் ஹோஸும் ஓடும். வெள்ளம் வந்தால் அதற்குள் உப்பும் மணலும் ஏறும். அதனால் புதுச் சிலாபைப் பழைய தரையைவிட நாலு அங்குலம் உயர்த்தி, முன்னும் பின்னும் சரிவு கொடுங்கள். தண்ணீர் வடிந்தவுடன் தகட்டைக் கழற்றிக் கழுவி, கேபிளுக்கு கிறீஸ் பூசுங்கள். உங்கள் பக்கம் வெள்ளம் வராவிட்டாலும் கடற்காற்று கேபிளைத் தின்னும். ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டு நின்றாலும் மாற்றிவிட வேண்டும்.

இரண்டு வளைகளுக்கு நடுவில் கார் நிற்கும்படி தூணின் இடத்தைக் குறியுங்கள். கொரோலாவை அப்போது நின்று வேலை செய்யும் உயரத்துக்குத் தூக்கலாம். வான் இரண்டு மீற்றரை ஒட்டிய உயரம், அதற்குச் சில்லு வைத்த ஸ்டூல்தான்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் பழையது மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். வாங்கலாம், ஆனால் வெல்டிங்கையும், தூக்கிய காரைக் கீழே வராமல் பிடிக்கும் லொக்கையும் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். அங்கர் போல்ட் மட்டும் கட்டாயம் புதிது.

அக்கரைப்பற்று வயர்மன்:

சேர், கரண்ட் விசயம் ஒருவரும் பேசவில்லை. இந்த மோட்டர்கள் பெரும்பாலும் 2.2 கிலோவாட். ஓடும்போது 13 அம்பியர் அளவு, ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். உங்கள் 30 அம்பியரில் ஓடும், ஆனால் தண்ணீர் மோட்டரும் அயனும் ஒன்றாக ஓடக் கூடாது. மூன்று பேஸ் எடுக்கத் தேவையில்லை. வீட்டு பிளக்கில் இருந்து எக்ஸ்டென்சன் இழுக்க வேண்டாம், மெயின் போர்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த். கராஜ் வளவின் பின்னால் என்றால் வயரைத் தடிப்பாகப் போடுங்கள். வோல்ட் குறைந்தால் மோட்டர் முனகிச் சூடாகும். வாங்கும்போது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கிறதா பாருங்கள், 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்குச் செய்ததும் இங்கே வருகிறது.

வாவிக்கரையான்:

சேர் வேண்டாம் தம்பி. கார் மேலே இருக்கும்போது கரண்ட் போனால்?

அக்கரைப்பற்று வயர்மன்:

லொக்கில் இருந்தால் பயமில்லை சேர், அப்படியே நிற்கும். ஆனால் இறக்கவும் முடியாது. லொக்கை எடுக்க முதலில் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டர் ஓட வேண்டும். கைப்பம்ப் பூட்டக்கூடிய யூனிட்டா என்று கேட்டு வாங்குங்கள். அல்லது ஐந்து கேவிஏ ஜெனரேட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காலையில் பள்ளிக்கூடம் போக அந்தக் கார்தான் என்றால் முதல் நாள் இரவே இறக்கி வையுங்கள்.